மூலையின் பாதி

ஒரு வீட்டைக் கட்டி முடிப்பவர்கள் பல தொழிலினர். தரை பதிப்பவர் வேறு, சுவர் எழுப்புபவர் வேறு, கதவுநிலை பொருத்துபவர் வேறு. அவரவர் வேலை அவரவர் அளவில் செவ்வனே முடிந்தாலும், ஒருவருடைய வேலை முடிந்து மற்றவருடைய வேலை தொடங்குகிற எல்லையில் ஒரு சிறு இடைவெளி எஞ்சியே தீரும் என்பதும், அந்த இடைவெளியை மறைப்பதற்காகவே மெல்லிய மரச்சட்டங்கள் தரையோரமாகவும் கதவைச் சுற்றியும் உட்கூரையின் விளிம்பிலும் ஓடுகின்றன என்பதும், அத்தகைய வீடுகளிலேயே ஆயுளைக் கழிப்பவர்களிலும் அநேகர் எண்ணிப் பாராத விஷயம். கனடாவின் மரவீடுகளில் 16 அங்குலத்துக்கு ஒன்றாகச் செங்குத்து மரங்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஜிப்சப் பலகையை அறைகிறார்கள். அந்தப் பலகை தரையைத் தொடுவதில்லை. மரத்தரையோ, கோடையில் பருத்துக் குளிரில் ஒடுங்கும் இயல்புடையதாதலால், சுவரை முட்டாமல் சற்று விலக்கியே பதிக்கப்படுகிறது. கதவுநிலைக்கென விடப்படும் வாயில், நிலையைவிடப் பெரிதாகவே இருக்கும். ஆப்புச் சீவல்களைச் செருகி நிலையை நிமிர்த்திய பின்னர் சுற்றிலும் வெறுமை தெரியும். இவற்றையெல்லாம் மூடி நிற்பவை அந்தச் சட்டங்கள். அவற்றின் முகத்தில் குழிவும் குவிவும் வரியுமாகக் காணப்படும் அலங்காரம் அவசியத்தைத் தொடர்ந்து வந்தது. நம்முடைய கோயில்களின் அதிஷ்டானத்தில் உபானம், ஜகதி, குமுதம், பட்டிகை என்று அடுக்கடுக்காக ஏறுகிற வார்ப்புகளை நினைவிற்கொண்டவர்களுக்கு அந்த வளைவுகள் அந்நியமாகத் தோன்ற மாட்டா. ஒரு வித்தியாசம் உண்டு. மூலையில் திரும்பும் வார்ப்பைச் சிற்பி ஒரே கல்லில் இரு பக்கமும் செதுக்கிவிடுகிறான். மரத்தில் வேலை செய்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் இரண்டு துண்டுகளைச் சரித்து அறுத்து, அவை ஒன்றே என்று கண் நம்பும்படி மூலையில் கூட்ட வேண்டும்.

அந்தக் கூட்டும் வித்தையை நான் அறியலானது என் வாழ்வின் பிற்பகுதியில். யாழ்ப்பாணத்தில் மேல்வகுப்பு மாணவர்களுக்குக் கேத்திரகணிதம் கற்பித்து வந்த நான், 1983-ஆம் ஆண்டுக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய பல்லாயிரவருள் ஒருவனாகி, 1980-களின் இறுதியில் ரொறன்ரோ நகரத்தை அடைந்தபோது, என்னிடமிருந்த சான்றிதழ்கள் அந்நாட்டில் ஆசிரியத் தொழிலுக்கு உடனடியாக வழி திறக்கவில்லை. ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தில் வடமராட்சியைச் சேர்ந்த ஒரு தச்சர் இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். தந்தையோடும் பாட்டனோடும் முதிரை மரத்தில் கதவும் பனைமரத்தில் கூரையும் செய்து வளர்ந்தவர். இங்கே ஓர் இத்தாலிய மேஸ்திரியிடம் சில காலம் இருந்து வீட்டின் உள்வேலையைக் கற்றுத் தனியே ஒப்பந்தம் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அவரை அண்ணை என்றேன். அவர் என்னை ஊரில் அழைத்தவாறே மாஸ்ரர் என்று அழைத்தார். அந்த அழைப்பை அவர் ஒருநாளும் கைவிடவில்லை. தரையில் முழந்தாளிட்டு மரத்தூளைக் கூட்டுகிறபோதும் நான் அவருக்கு மாஸ்ரராகவே இருந்தேன்.

கனடா 1970-களிலேயே மெட்ரிக் அளவை முறைக்குத் திரும்பிவிட்ட தேசமெனினும், மரம் விற்பவரும் வீடு கட்டுபவரும் அடியையும் அங்குலத்தையும் விடவில்லை. ஆகவே எங்கள் கையிலிருந்த அளவுநாடா, ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்துக் காட்டுவதாயிருந்தது. அந்த நாடாவின் நுனியிலுள்ள கொக்கி ஆடுவதைக் கண்டு அதைப் பழுதென்று நினைப்பவர் பலர். அண்ணை அதைப் பற்றித்தான் முதலில் கூறினார். கொக்கியின் தகடு எவ்வளவு கனமோ அவ்வளவே அது முன்னும் பின்னும் நகரும்படி ஆணி தளர்வாக அறையப்பட்டிருக்கிறது. பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது தகட்டின் கனம் அளவில் சேராது, சுவரில் முட்டி அழுத்தும்போது அது விலகிக் கொள்ளும். இரு விதத்திலும் அளவு மெய்யாகவே வரும். இவ்வளவு நுட்பமான கருவியையும் அவர் அவசியம் நேர்ந்தாலன்றி எடுப்பதில்லை. இரு சுவர்களுக்கிடையேயுள்ள தூரத்தை அறிய வேண்டுமானால், மெல்லிய குச்சிகள் இரண்டை ஒன்றையொன்று தழுவச் செய்து, இரண்டு நுனிகளும் இரு சுவர்களையும் தொடுமட்டும் நீட்டி, நடுவில் இறுக்கிக் கட்டி, அந்தக் குச்சியையே கொண்டுபோய்ப் பலகையின்மேல் வைத்துக் குறியிடுவார். எண் என்பது அங்கே இடம்பெறுவதேயில்லை. எண்ணைப் படிப்பதிலும் நினைவில் வைப்பதிலும் திரும்ப எழுதுவதிலும் நேரக்கூடிய பிசகுகளுக்கும் இடமில்லை. ஊரில் அவருடைய பாட்டனார் வைத்திருந்த முழக்கோலைப் பற்றி அவர் பேசுவதுண்டு. 33 அங்குல நீளமுள்ள அந்தக் கோல் இருபத்துநான்கு விரலாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வீட்டின் நிலை, கதவு, உத்தரம், கைமரம் யாவும் அந்த ஒரு கோலின் சந்ததியாகவே பிறந்தன. கோலிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து மரத்துக்கும் அளவைக் கைமாற்றுகிற அந்தப் பரம்பரையே, ரொறன்ரோவின் வீடுகளில் குச்சி வடிவில் தொடர்ந்தது.

இனி மூலைக்கு வருகிறேன். சுவர் இரண்டும் செங்கோணத்தில் கூடினால், அந்த 90 பாகையை இரு சமகூறாக்கி ஒவ்வொரு துண்டையும் 45 பாகையில் அறுத்தால் போதும் என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். ஆனால் சுவர்கள் அவ்வாறு கூடுவதில்லை. ஜிப்சப் பலகைகளின் பொருத்தை மூடிப் பூசுகிற சாந்து மூலையில் திரண்டுவிடுகிறது. வெளிமூலைகளில் உலோகக் கோணத்தை வைத்துச் சாந்து தடவுவதால் அந்த இடம் சிறிது பருத்து, கோணம் மாறிவிடுகிறது. 89 பாகையும் 91 பாகையும் சர்வசாதாரணம். பழைய வீடுகளிலோ அதற்கும் அப்பால். கதவைச் சுற்றியோடும் 3½ அங்குல அகலச் சட்டத்தை எடுத்துக் கொண்டால், 45 பாகை வெட்டின் நீளம் ஏறக்குறைய 5 அங்குலமாகிறது. இரண்டு துண்டுகளிலும் அரைப் பாகை வீதம் தவறினால், ஒரு முனை ஒட்டி நிற்க மறுமுனையில் ஓர் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு பிளவு தோன்றும். கணக்கில் அற்பமென்று தோன்றும் அந்த அளவு, வெள்ளை வர்ணத்தின் நடுவே கறுப்புக் கோடாக நின்று, அறைக்குள் நுழைகிறவனுடைய கண்ணை முதலில் பற்றிக் கொள்கிறது.

ஸ்காபரோவில் ஒரு வீட்டில், ஒரு வெளிமூலையை அளப்பதற்காக நான் என் பழைய பாகைமானியை எடுத்தபோது அவர் தடுத்தார். “அதை உள்ளுக்கு வையுங்கோ, மாஸ்ரர். ஒரே அகலத்திலை ரண்டு துண்டுப் பலகை எடுத்துக்கொண்டு வாருங்கோ” என்றார். மூலைக்கு முன்னே தரையில் காகித நாடாவை ஒட்டினார். ஒரு துண்டை ஒரு சுவரோடு சேர்த்து மூலையைத் தாண்டி நீளும்படி படுக்கவைத்து, அதன் வெளிவிளிம்பை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்; பிறகு மற்றச் சுவரோடு மற்றத் துண்டை வைத்து மற்றொரு கோடு; இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிய புள்ளியிலிருந்து சுவரின் மூலை நுனிக்கு ஒரு கோடு. பென்சிலைக் காதில் செருகிக் கொண்டு, “இதுதான் வெட்டு” என்றார். பிடி ஒன்றில் அலகொன்று சுழலும்படி அமைந்த சாய்மட்டத்தை அந்தக் கோட்டின்மேல் வைத்துச் சரிவை எடுத்து, வாளை அதற்கிசைய நிறுத்தி, இரு பலகைகளையும் அறுத்தார். மூலை கூடியது. அந்தக் கோணம் எத்தனை பாகை என்பதை நாங்கள் இருவரும் அறிந்திருக்கவில்லை. அறிய வேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

தரையிலே கிடந்த அந்த உருவத்தை நான் நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். இரண்டு சுவர்களின் கோடுகள், அவற்றுக்குச் சமாந்தரமாக இரண்டு பலகை விளிம்புகள். இரு பலகைகளும் சம அகலமுடையவையாதலால் அவை அடைத்துக் கொண்ட நாற்பக்கலுருவம் ஒரு சாய்சதுரம். சாய்சதுரத்தின் மூலைவிட்டம் அதன் உச்சிக்கோணங்களை இருகூறாக்கும். இந்தத் தேற்றத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் நிறுவி, ஒருங்கிசைவு முக்கோணங்களை எடுத்துக் காட்டி, மாணவர்களைப் பாராமற் சொல்லும்படி செய்திருக்கிறேன். கவராயத்தைக் கொண்டு கோணத்தை இரு சமகூறிடும் முறை யூக்ளிட்டின் முதற் புத்தகத்தில் ஒன்பதாவது பிரதிக்ஞையாக வருவதையும் கற்பித்திருக்கிறேன். ஆயினும் அந்தத் தேற்றம் ஒரு சுவர்மூலையில் படுத்து, அறுக்க வேண்டிய இடத்தைக் காட்டி நிற்பதை அன்றைக்கே பிரத்தியட்சமாகக் கண்டேன். எனக்கு உண்டான சந்தோஷத்தை அண்ணையிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையோடு கேட்டார். தம்முடைய தகப்பனார் பலகைத் துண்டுக்குப் பதிலாகத் தம் உள்ளங்கை அகலமுள்ள ஓலைச்சட்டத்தை வைத்து இதையே செய்வார் என்று மட்டும் கூறினார்.

உள்மூலைகளில் அவர் மைற்றர் எனப்படும் இந்தச் சரிவெட்டை விரும்பமாட்டார். சரித்து அறுத்த இரண்டு நுனிகளையும் உள்மூலையில் ஒட்டவைத்து ஆணி அறைகிறபோது, பின்னால் தாங்கும் மரமில்லாத இடங்களில் பலகை சுவருக்குள் இழுபட்டு, சற்று முன் ஒட்டியிருந்த பொருத்து விரிந்துவிடும். ஆகவே முதற் பலகையை நேர்வெட்டாக வெட்டி மூலைக்குள் முட்டவிடுவார். இரண்டாம் பலகையின் நுனியை முதலில் 45 பாகையில் அறுப்பார். அவ்வாறு அறுத்ததும் பலகையின் முகத்திலுள்ள வளைவு நெளிவுகளெல்லாம் வெட்டின் ஓரத்தில் ஒரே கோடாகத் தெளிந்து தோன்றும். நூல்போன்ற அலகுடைய சிறு வில்வாளால் அந்தக் கோட்டைப் பின்பற்றி, பின்புறம் சற்றே குடைவாக இருக்கும்படி அறுத்தெடுப்பார். அப்போது இரண்டாம் பலகையின் நுனி, முதற் பலகையின் முகத்தை அச்சுப் பொருந்தத் தழுவிக் கொள்ளும். சுவர் 88 பாகையானாலென்ன, 92 பாகையானாலென்ன, முன்விளிம்பு மாத்திரமே தொடுவதால் பொருத்து மூடியே நிற்கும். எந்தச் சுவரில் முதற் பலகையை அறைவது என்பதிலும் அவருக்கு ஒரு நியமம் இருந்தது. வாசலுக்கு எதிரேயுள்ள சுவரில் முழுப் பலகை நேர்வெட்டாக முதலில் ஏறும். பக்கச் சுவர்களின் பலகைகள் அதன்மேல் வந்து தழுவும். பிற்காலத்தில் மயிரிழை விரிவு நேர்ந்தாலும் உள்ளே வருகிறவனின் பார்வை அதற்குள் நுழையாது.

பிற்கால விரிவு என்று சொன்னது வீண் அச்சமன்று. மரம் தன் நீளவாட்டில் மாறுவது மிகச் சொற்பம்; அகலவாட்டிலேயே அது காற்றின் ஈரத்தோடு பருத்தும் ஒடுங்கியும் வருகிறது. ரொறன்ரோவின் மாரியில், வெளியே உறைபனி கிடக்க, உள்ளே உலை ஓயாமல் எரிந்து காற்றை வறளச் செய்யும். சட்டம் அகலத்தில் ஒடுங்க, நீளத்தில் அப்படியே நிற்க, 45 பாகை என்று அறுத்த வெட்டு 45-க்குச் சற்றுக் குறைந்து, கதவுச் சட்டத்தின் மூலை உட்பக்கமாக வாய் திறக்கும். ஈரம் மிகுந்த கோடையில் அதுவே வெளிப்பக்கமாகத் திறக்கும். இதை அறிந்தே அவர் மரத்தை வாங்கிய உடனே அறுப்பதில்லை. எந்த அறையில் அது அறையப்பட வேண்டுமோ அந்த அறையிலேயே, காற்று ஊடுருவும்படி இடையிடையே குச்சி வைத்து, பல நாள் அடுக்கி வைப்பார். அவசரப்பட்ட வீட்டுக்காரர்களிடம், மரம் வீட்டைப் பழக வேண்டும் என்று என்னை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுவார். மரநார்களை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை வந்த பின்னர் இந்தக் கவலை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன் சரிவான நுனி விரல்பட்டாலே உதிர்வதையும், தண்ணீர் பட்டால் ஊதிவிடுவதையும் பார்த்தவர்களுக்கு, மரத்தின் சுபாவத்தோடு பழகுவதே மேலென்று தோன்றும். எனக்கு அந்த அபிப்பிராயம் இன்றளவும் மாறவில்லை.

உட்கூரைக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து நிற்கும் மகுடச் சட்டம் தான் எல்லாவற்றிலும் கடினமானது. அது சுவரிலும் படியாது, கூரையிலும் படியாது; இரண்டையும் விளிம்பால் தொட்டுக்கொண்டு, சாதாரணமாகச் சுவரோடு 38 பாகை சரிவில் நிற்கும். அதை மேசையில் தட்டையாகக் கிடத்தி அறுக்க வேண்டுமானால், வாளை இரண்டு விதத்தில் திருப்ப வேண்டும்: செங்கோண மூலைக்கு, பக்கவாட்டில் 31.6 பாகையும், சாய்வாக 33.9 பாகையும். இந்த இரண்டு எண்களும் இயந்திரவாளின் தட்டில் விசேஷக் குறியாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பதை அறியும் ஆவலால் அன்றிரவு உட்கார்ந்து கணித்தேன். 38 பாகையின் சைன் 0.6157, அந்த எண்ணைத் தான்சனாக உடைய கோணம் 31.6 பாகை. 38 பாகையின் கோசைனை 45 பாகையின் சைனால் பெருக்கினால் 0.557 வரும், அதைச் சைனாக உடைய கோணம் 33.9 பாகை. மறுநாள் இதைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணை காகிதத்தை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக் கொண்டு, மகுடச் சட்டத்தை எடுத்து வெட்டுப் பெட்டிக்குள் தலைகீழாக நிறுத்தினார். “பெட்டியின்ரை அடியைச் சீலிங் எண்டு நினையுங்கோ, பின்பக்கத்தைச் சுவர் எண்டு நினையுங்கோ. இப்ப இது சுவரிலை நிக்கிற மாதிரியே நிக்குது. வெறும் நாப்பத்தைஞ்சிலை வெட்டினால் போதும்” என்றார். இரண்டு கோணங்களைச் சேர்த்துத் திருப்ப வேண்டிய சிரமத்தை, சட்டம் கூரையில் நிற்கும் நிலையிலேயே வாளுக்கு முன்னால் நிறுத்திவிடுவதால் அவர் நீக்கிவிட்டார்.

இது அவருக்கு எப்படிக் கைவந்தது என்று கேட்டபோது அவர் நாற்சார் வீடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நடுவே முற்றத்தை வைத்து நான்கு பக்கமும் தாழ்வாரமோடும் அந்த வீடுகளில், நான்கு கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரிந்து, நான்கு உள்மூலைகளிலும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அங்கே மூலைக்கு மூலை ஒரு கைமரம் சரிந்து ஓட, இரு பக்கத்துச் சிறு கைமரங்களும் அதன்மேல் வந்து முடிய வேண்டும். அந்தச் சிறு கைமரங்களின் நுனி ஒரு திசையில் மட்டும் சரிந்தால் போதாது. கூரையின் சரிவுக்கு ஒன்றும், மூலையின் திருப்பத்துக்கு ஒன்றுமாக இரு திசைச் சரிவு தேவை. மாரிமழையில் முற்றத்து நான்கு பீலிகளுக்கும் தண்ணீர் ஒழுங்காக வந்து இறங்குவது அந்த வெட்டுகளின் செம்மையைப் பொறுத்தது. இருபது வயதுக்கு முன்னரே, இரும்பைப்போல வைரமேறிய பனங்கைமரங்களில் கைவாளால் அந்த வெட்டை அறுத்துப் பழகியவருக்கு, மெல்லிய பைன் மரத்தில் மகுடச் சட்டம் அறுப்பது புதிய வித்தையாக இருக்கவில்லை. தட்டில் பொறித்த எண்ணைக் கண்டு வேலை செய்கிற இளைஞர்கள், கூரை 38-க்குப் பதிலாக 45 பாகைச் சரிவுள்ள சட்டத்தைக் கேட்டால் திகைத்து நிற்பார்கள். அதற்கு எண்கள் 35.3-உம் 30-உமாக மாறிவிடும். தலைகீழாக நிறுத்துகிறவருக்கு எதுவும் மாறுவதில்லை.

நகரின் மையத்துக்குக் கிழக்கே கபேஜ்ரவுன் என்னும் பழைய பகுதியில், விக்ரோறியா மகாராணியின் காலத்துச் செங்கல் வீடொன்றைப் புதுப்பிக்கும் வேலை கிடைத்தது. அந்த வீட்டை நான் மறக்க இயலாது. ரொறன்ரோவின் அக்காலத்து வீடுகளுக்கேயுரிய பாணியில், முன்கூடத்தின் சாளரம் மூன்று முகமாக வெளியே புடைத்து நின்றது. சுவர்கள் மரச்சிலாகைகளின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. அத்தகைய சாந்தில் ஆணி அறைந்தால் உதிரும் என்பதால், படங்களைத் தொங்கவிடுவதற்கென்றே சுவரின் மேற்புறமாக ஒரு மரச்சட்டம் சுற்றிலும் ஓடியது. சாளரத்தின் மூலைகள் 135 பாகை என்று கொள்ளப்பட வேண்டியவை. 22½ பாகையில் அறுக்க வேண்டியவை. அறைச்சுவரும் சாளரத்தின் முன்முகமும் சமாந்தரமாயின், ஒரு பக்கத்து உள்மூலையும் வெளிமூலையும் ஒன்றுவிட்ட கோணங்களாகிச் சமமாக வர வேண்டும். நூறாண்டு கடந்த அந்த வீட்டில் அவை சமமாக வரவில்லை; நான்கு மூலையும் நான்கு கோணம். தரையில் காகித நாடாவை ஒட்டி ஒவ்வொரு மூலைக்கும் கோடு போட்டோம். ஒவ்வொரு மூலையும் தன் பாதியைத் தானே தந்தது.

கணப்படுப்பின் அருகில்தான் எனக்கு விசேஷமான அநுபவம் காத்திருந்தது. அடுப்புச் சுவர் அறைக்குள் முன்னே நீண்டு நின்றது. அதன் முன்முகத்தில் பழைய தரையோரப் பலகை, ஓர் அங்குலக் கனமுள்ளது, பழுதின்றி இருந்தது. அதைக் கழற்றக் கூடாது என்பது வீட்டுக்காரரின் விருப்பம். பக்கச்சுவரில் நாங்கள் போட வேண்டிய புதுப் பலகை முக்கால் அங்குலக் கனம். பின்னால் கால் அங்குலக் கட்டை கொடுத்து அதை வெளியே தள்ளலாம். ஆனால் அதன் மறுமுனை ஒரு கதவுச் சட்டத்தில் முடிந்தது. தள்ளினால் அந்தச் சட்டத்தைத் தாண்டிப் பலகை வெளியே நீட்டி நிற்கும். மேல்விளிம்பில் வளைவில்லாத வெறும் பலகையாதலால், கனம் வேறான இரண்டையும் அப்படியே மூலையில் கூட்டிவிடலாம் என்று அண்ணை தீர்மானித்தார். கோணத்தை இருகூறாக்கினால் இங்கே பயனில்லை. 45 பாகையில் அறுத்த இரண்டு பலகைகளும் கனம் சமமாயிருந்தாலன்றி நுனிக்கு நுனி வந்து சேரா.

அவர் வழக்கம்போலத் துண்டுகளை எடுத்தார். இந்தத் தடவை ஒன்று முக்கால் அங்குலம், மற்றது ஓர் அங்குலம். அதே இரண்டு கோடுகள்; அதே வெட்டுப் புள்ளி; அங்கிருந்து மூலை நுனிக்கு அதே மூன்றாம் கோடு. தரையில் விழுந்த உருவம் இப்போது சாய்சதுரமன்று; இணைகரம்; அந்த மூலை நல்லவேளையாகச் செங்கோணத்துக்கு வெகு சமீபமாக இருந்ததால், ஏறக்குறைய ஒரு செவ்வகம். மூலைவிட்டம் கோணத்தைச் சமமாகப் பிரிக்கவில்லை. ஆயினும் அறுக்க வேண்டிய கோடு அதுவேதான். அளந்து பார்த்தேன்: ஒரு பக்கம் முக்கால், மறுபக்கம் ஒன்று, மூலைவிட்டம் ஒன்றேகால். கால் அங்குலத்தை அலகாகக் கொண்டால் மூன்று, நான்கு, ஐந்து. சுவர்கள் செங்கோணமாக நிற்கின்றனவா என்று பார்க்க மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நாங்கள் தினந்தோறும் அளந்துவந்த அதே முக்கோணம், ஒரு பலகையின் கனத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தது. ஒரு பலகைக்கு 36.9 பாகை, மற்றதற்கு 53.1 பாகை. எங்களிடமிருந்த இயந்திரவாள் 53 பாகைக்குச் சரியாது. பழைய பலகையின் நுனியை உளியாலும், புதியதைக் கைவாளாலும் சீவுளியாலும் சரிசெய்தார்.

சாய்சதுரம் என்று நான் போற்றிய தேற்றம், அவருடைய முறையில் ஒரு தனி நிலை மாத்திரமே என்பது அப்போது தெளிந்தது. இரு சமகூறு என்பதே கோணத்துக்கு உரிய இலக்கணம் என்று நான் எண்ணியிருந்தேன். கனம் சமமாயிருக்கும்போது மட்டும் நிகழும் ஒரு விளைவு அது. அவரோ கோணத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல், இரண்டு விளிம்புகள் எங்கே சந்திக்கின்றன என்பதை மட்டும் கேட்டு, எல்லா நிலைக்கும் பொருந்தும் விடையைப் பெற்றுவிடுகிறார். பொதுவான உண்மையிலிருந்து தனியான உண்மைக்கு இறங்குவதே கணிதம் என்றும், தொழிலாளன் தனியானவற்றிலேயே நிற்பவன் என்றும் கற்றோர் சொல்லிவரும் வழக்கத்தை நான் அன்றோடு விட்டேன். பொதுமை அவருடைய பக்கத்தில் இருந்தது. அதைச் சொல்லும் பாஷை மாத்திரம் என்னிடம் இருந்தது.

இதையெல்லாம் அவருக்கு விளங்கும்படி, காகிதநாடாவின்மேல் எழுத்துக்களைக் குறித்து, நிறுவல் முழுவதையும் சொல்லிக் காட்டினேன். ஒரு முழந்தாளை ஊன்றிக் குனிந்து, ஒவ்வொரு வரியிலும் தலையசைத்துக் கேட்டார். முடிந்ததும் அடுப்புச் சுவரில் மட்டக்குழாயை நிறுத்தினார். நீர்க்குமிழி நடுவில் நிற்கவில்லை. “நல்லது, மாஸ்ரர். எல்லாம் சரி. ஆனால் இந்தச் சுவர் சாஞ்சல்லோ நிக்குது. தரையிலை போட்ட கோடு தரைக்குத்தானே? பலகையின்ரை மேல்விளிம்புக்கு உங்கடை கணக்கு என்ன சொல்லும்?” என்றார்.

என் நிறுவல் ஒரு தளத்துக்குள் அடங்கியது; அவர் கேட்டது மூன்று பரிமாணத்தைப் பற்றி. இரண்டு கோடுகளால் முடிகிற கேள்வியன்று அது. எட்டு அங்குல உயரத்தில் இன்னுமொரு சோடிக் கோடு வேண்டும். கீழ் மூலைவிட்டமும் மேல் மூலைவிட்டமும் சேர்ந்து ஒரு தளத்தை நிர்ணயிக்கும். வாளின் அலகு அந்தத் தளத்தில் செல்ல வேண்டும். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் துண்டுப் பலகைகளை நிமிர்த்தி, தரையோரப் பலகை நிற்கும் உயரத்தில் சுவரோடு அணைத்துப் பிடித்தார். கீழே ஒரு குறி, மேல்விளிம்பில் ஒரு குறி. இரண்டையும் பலகையின் முகத்தில் சேர்த்தபோது, நிமிர்ந்து நிற்க வேண்டிய கோடு இடப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்தது. பென்சிலை என்னிடம் நீட்டி, மற்றப் பலகையில் அதே குறிகளை என்னையே போடும்படி சொன்னார். நான் மேல்விளிம்பில் முதற் குறியைப் போட்டேன். அவர் பலகை நகராதபடி அடியில் ஆப்பைச் செருகிக்கொண்டிருந்தார்.